இதயத்துக்கு அதிர்ச்சி ஆகாது

"இது கொஞ்சம் அக்ரெசிவ் டைப்மா" என்று புற்றுநோய் டாக்டர் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உனக்கு வந்த கட்டி வேறு எப்படி இருக்கும் என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் மறுக்கவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு அதை வேறு எங்கே வைத்துக்கொள்ள நேரம் இருக்கிறது?

என் பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், எனக்கு ஒரு பிரேக். அவர் மிதிக்க மறந்தால் நான் மிதிப்பேன். அவர் மிதிக்கக்கூடாத இடத்தில் மிதித்தால் கத்துவேன். இப்படியே வருஷக்கணக்காக ஓட்டியதில், வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திரையில் ஏதாவது வண்டி முட்டப்போனால் என் வலது கால் தரையை அழுத்தும்.

கணவருக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரலைக் கேட்டால் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்வார். வருந்தி நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் தன் தொழில் ரகசியத்தைப் பெருமையாகச் சொன்னார்.

"ரயில் ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு ஒரேடியாச் சொன்னேன்னு வையி, ஜனங்க என் ரூம் கண்ணாடியை உடைச்சிடுவாங்க. பத்து நிமிஷம்னு சொல்லணும். அப்புறம் இன்னொரு பத்து. பத்துப் பத்தாக் கொடுத்தா மனுஷன் ரெண்டு மணி நேரத்தையும் சத்தமில்லாம முழுங்கிடுவான்."

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இவரோடு குடித்தனம் நடத்தப்போகிறவள் நான் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. கீமோ நடந்தது. முடி போனது, புருவம் போனது, கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓர் ஊசி மருந்து. என் வகைக் கட்டியைத் தேடிப்போய் அடிப்பதற்கென்றே கண்டுபிடித்த மருந்தாம். டாக்டர் அதைப் பற்றிப் பேசும்போது, பிள்ளை முதல் மார்க் வாங்கிவிட்ட மாதிரி ஒரு பூரிப்பு.

"ஒரே ஒரு சின்ன விஷயம். சில பேருக்கு இதயம் கொஞ்சம் தளரும். பெரும்பாலும் திரும்பிடும். அப்பப்ப எக்கோ எடுத்துப் பார்த்துக்கலாம்."

டாக்டர்கள் சின்ன விஷயம் என்று சொன்னால் அது உடம்பின் எந்த உறுப்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எக்கோ என்பது இருட்டறையில் இடதுபக்கமாகப் படுக்க வைத்து, மார்பில் சில்லென்று ஒரு பசையைத் தடவி, இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று பார்த்து ஓர் எண் சொல்வது. மருந்து தொடங்குமுன் எனக்கு அறுபத்து மூன்று. நல்ல எண் என்றார்கள். நூற்றுக்கு அறுபத்து மூன்று வாங்கியதற்கு யாரும் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அரை வருஷம் போனதும் எண் நாற்பத்தாறுக்கு இறங்கியது. ஐம்பதுக்குக் கீழே போனால் ஊசி கிடையாது.

ஆஸ்பத்திரியில் புற்றுநோய் டாக்டர் மூன்றாவது மாடி, இதய டாக்டர் ஐந்தாவது மாடி. நடுவில் நான்.

"ஊசியை ரொம்ப நாள் நிறுத்தி வைக்கிறது எனக்கு இஷ்டமில்ல. அவர் சரின்னு சொன்னா இன்னைக்கே போடறேன்" என்றார் மூன்றாவது மாடி.

"இதயத்தைப் பொறுத்தவரைக்கும் நிறுத்தணும். புற்றுநோயைப் பொறுத்தவரைக்கும் அவரைத்தான் கேக்கணும்" என்றார் ஐந்தாவது மாடி.

"அது ரெண்டும் ஒரே உடம்புல இருக்கு டாக்டர்."

"தெரியும்மா. அதான் சிக்கல்."

நான் கீழே போனேன், மேலே போனேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒப்பித்தேன். இருவரும் என் முகத்தைப் பார்க்காமல், என் முகத்துக்குப் பின்னால் நிற்கும் மற்றவருக்குப் பதில் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருத்தர், என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர், ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதிப்பார். வண்டி நின்ற இடத்திலேயே உறுமும். அந்த வண்டிக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே லிஃப்ட்லதானே போறீங்க, அங்க ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாதா?" என்று கேட்டேவிட்டேன்.

"லிஃப்ட்ல நோயாளியப் பத்திப் பேசக்கூடாதும்மா. விதி" என்றார் இதய டாக்டர். விதிப்படி நடக்கிற மனுஷரை என்ன செய்ய முடியும்?

கடைசியில் ஒருவழியாக முடிவானது. ஊசி நிறுத்தம். இதயத்துக்கு மாத்திரை. ஒரு மாதம் கழித்து மறுபடி எக்கோ. எண் ஏறினால் ஊசி தொடரும். இரண்டு மாதமாகியும் ஏறாவிட்டால் அந்த மருந்தை அடியோடு விட்டுவிட வேண்டியதுதான்.

"விட்டுட்டா?" என்று கேட்டேன்.

புற்றுநோய் டாக்டர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "அப்ப வேற யோசிப்போம்" என்றார்.

உயிர் வேண்டும் என்று ஓர் ஆண்பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "எனக்கு அந்த ஊசி வேணும் டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் அதற்குள் நாத்தனார் வந்து இறங்கிவிட்டார். கணவருக்கு மூத்தவர், நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் மற்றவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லியே சம்பளம் வாங்கியவர். இப்போது அந்தத் திறமைக்கு வேலை வந்துவிட்டது.

"இதயத்துக்கு அதிர்ச்சி ஆகாது" என்று முதல் நாளே அறிவித்தார். அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கினார். குக்கருக்கு ஓய்வு கொடுத்தார். டிவியில் கொலை நடக்கிற தொடர்களுக்குத் தடை, கல்யாணம் நடக்கிற தொடர்களுக்கும் தடை. என் போனை வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் என் எண்ணை எடுத்துவிட்டுக் கணவரின் எண்ணைக் கொடுத்தார். கணவர் தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடினார்.

இத்தனைக்கும் இதய டாக்டர் அதிர்ச்சி என்ற வார்த்தையையே சொல்லவில்லை. மாத்திரையை விடாமல் போடு, தினம் எடை பார், கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே சொல், மற்றபடி நட என்றார். எடை பார்க்கிற இயந்திரம் கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்தது. நான் எழுந்து நடந்தால் நாத்தனார் பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

சாப்பாட்டிலும் மாடிச் சண்டைதான். மூன்றாவது மாடி உணவு ஆலோசகர் தினம் இரண்டு முட்டை சாப்பிடச் சொன்னாள். ஐந்தாவது மாடி ஆலோசகர் மஞ்சள் கருவே வேண்டாம் என்றாள். நாத்தனார் இருவர் மனமும் நோகாதபடி ஒரு தீர்ப்புச் சொன்னார். இரண்டு முட்டை அவிப்பது, வெள்ளை எனக்கு, மஞ்சள் அவருக்கு.

"உனக்காகத்தாம்மா சாப்பிடறேன்" என்பார், வாயைத் துடைத்துக்கொண்டே.

ஒரு மாதம் எப்படியோ ஓடியது. எக்கோ எடுக்கப் போனேன். எடுத்த பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண் என்ன என்று கேட்டால், "டாக்டர் சொல்வாரு" என்றாள். டாக்டர் வெளியூர் போயிருந்தார். போன் செய்து சொல்வார்களாம்.

அடுத்த நாள் சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"வந்துச்சு. இப்போதைக்கு அது போதும்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார்.

மறுநாள் காலை, கணவர் ஷூ கயிற்றைக் கட்டியபடி, தரையைப் பார்த்து, "எக்கோ விஷயமாத்தான் பேசினாங்க" என்றார். சாயங்காலம், "பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல." பயப்பட ஒன்றுமில்லாத இடத்தில் அந்த வாக்கியத்தை யாராவது சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் அதட்டினேன், கெஞ்சினேன், பிடி கொடுக்கவே இல்லை. "படபடப்பு ஆகாது" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதற்கடுத்த நாள் தட்டில் முட்டை வந்தது. வெள்ளையும் இருந்தது, மஞ்சளும் இருந்தது.

"இது எதுக்கு அக்கா?"

"சாப்பிடும்மா. ஆசைப்பட்டதைச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். மஞ்சள் கருவை விட்டுக்கொடுக்கிற மனுஷி இல்லை அவர். எண் ஏறவில்லை, மருந்து போய்விட்டது, இவர்கள் எனக்கு அதைச் சொல்லத் தெரியாமல் மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். முட்டையைச் சாப்பிட்டேன். செத்துப்போகப் பயமாக இருந்தது. அதைவிட, கேட்க நாதியில்லாமல் கட்டிலில் கிடக்கிறோமே என்று ஆத்திரமாக இருந்தது.

மத்தியானம் நாத்தனார் தூங்கினார். தூக்கத்திலும் விரல் உதட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாசலில் என் பயிற்சிக் கார் தூசி மூடி நின்றது. ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை காலி, அங்கே இருந்த பிரேக்கை மிதிக்க ஆள் இல்லை. ரயில் நிலையம் வரைக்கும் யாருக்கும் பாடம் எடுக்காமல் ஓட்டியது ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான்.

அறிவிப்பாளர் அறை முதல் நடைமேடைக்கு மேலே, சுற்றிலும் கண்ணாடி. படியேறும்போது இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன். கதவைத் திறந்தால் கணவர் மைக்கின் முன்னால். என்னைப் பார்த்ததும் கண் பிதுங்கியது, ஆனால் குரல் பிசகவில்லை.

"...மேலும் பத்து நிமிடம் தாமதமாக வந்து சேரும். தாமதத்திற்கு வருந்துகிறோம்."

கீழே கூட்டம் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டிமேல் உட்கார்ந்தது. அவர் மைக்கை அணைத்தார்.

"நீ எப்படி வந்தே? படி ஏறினியா? உக்காரு முதல்ல."

"அந்த ரயில் எப்ப வரும்?"

"எது? இதுவா? அது இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஏன்?"

"என் ரயில் எப்ப வரும்?"

எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. போன் வந்தது, எக்கோ விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. பத்து, இன்னொரு பத்து, இன்னொரு பத்து.

"நான் உங்க பொண்டாட்டி, உங்க பிளாட்பாரம் இல்ல. சொல்லுங்க. ஒரேடியாச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். முகம் கோணியது. உலகத்துக்கே சேதி சொல்கிற மனுஷருக்கு என்னைப் பார்த்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லை.

"சரி, அதுல சொல்லுங்க" என்று அணைத்திருந்த மைக்கைக் காட்டினேன்.

அவர் எனக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். அந்தக் குரல் வந்தது.

"கவனிக்கவும். எக்கோ பரிசோதனையில் இதயத்தின் எண் ஐம்பத்து நான்கு. இரண்டு மருத்துவர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நிறுத்தப்பட்ட ஊசி, நாளை காலை ஒன்பது மணிக்கு மூன்றாவது மாடியில் மீண்டும் தொடங்கும்." நிறுத்தினார். "தாமதத்திற்கு வருந்துகிறோம்."

இந்தத் தடவை வருந்தினார். எதிர்க் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன்.

எனக்கு அழுகை வந்தது, அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

"நல்ல சேதியை யாராவது தவணையில சொல்வாங்களா? செத்துட்டேன்னு நினைச்சேன்யா! மஞ்சள் கரு வேற கொடுத்தாங்க உங்க அக்கா!"

"சந்தோஷமும் அதிர்ச்சிதானேன்னு அக்கா சொன்னாங்க. எனக்கும் அது நியாயமாப் பட்டுச்சு." கர்சீப்பை எடுத்தார். "அந்த முட்டை... அவங்களால சந்தோஷத்தை அடக்க முடியல."

"நாளைக்குக் காலையில ஊசி. இன்னைக்கு மத்தியானம் ஆகுது. எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

"ராத்திரி, நாளைக்கு வெளிய போகணும்னு சொல்றதா இருந்தேன். காலையில, ஆஸ்பத்திரிக்குன்னு. மிச்சத்தை லிஃப்ட்ல."

"லிஃப்ட்ல பேசக்கூடாது. விதி."

அவர் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு இருக்கு" என்றார். "நேத்தே வரச் சொன்னாங்க. நான்தான் ரெண்டு நாள் தள்ளிக் கேட்டேன். உனக்கு மெதுவாச் சொல்லி முடிக்க நேரம் வேணும்னு."

நான் எதையாவது தூக்கி எறிந்திருப்பேன், அந்த அறையில் மைக்கைத் தவிர எதுவும் கைக்கு அகப்படவில்லை. வேண்டும் வேண்டும் என்று நான் கேட்ட ஊசியை, அதிர்ச்சி ஆகாதென்று தள்ளிப்போட்டிருக்கிறார்! வாய்க்கு வந்தபடி திட்டினேன். கீழே ஒருத்தர் நிமிர்ந்து பார்த்தார். என் இதயம் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

திட்டி ஓய்ந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார். "வருதுன்னு அறிவிச்சு வராமப் போன ரயில் உண்டு. அப்ப கீழ நிக்கிறவங்க முகத்தை இங்கருந்துதான் பார்ப்பேன். பெட்டியத் தூக்கி நிப்பாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா இறக்கி வைப்பாங்க. உன் முகத்தை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

"இனிமே நல்லதோ கெட்டதோ, வாசல்லயே நின்னு, ஒரே மூச்சில சொல்லணும்" என்று மட்டும் சொன்னேன். மைக்கின் மேல் கை வைத்து ஒப்புக்கொண்டார்.

மறுநாள் ஊசி ஏறியது. இடைவெளி விழுந்ததால் முதல் தடவைபோல் பெரிய அளவு. போகும்போது லிஃப்டில் இரண்டு டாக்டர்களும் இருந்தார்கள். ஒருவரையொருவர் சௌக்கியமா என்று விசாரித்துக்கொண்டார்கள், கார் நிறுத்த இடமே இல்லை என்று இருவரும் ஒத்துப்போனார்கள். அவர்கள் எந்த விஷயத்திலாவது நேரில் ஒத்துப்போய் நான் பார்த்தது அது ஒன்றுதான்.

வீடு மாறியது. அழைப்பு மணி அடித்தது. எடை பார்க்கும் இயந்திரத்தை நாத்தனாரே துடைத்து வைத்தார். நான் நடந்தேன். காலையில் ஒருத்தருக்கு மட்டும் கார் பாடம் எடுத்தேன். என் போன் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் மட்டும் கணவரின் போன் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட முடியவில்லை. மூன்றாவது மாடி ஐந்தாவது மாடியைக் கேட்கச் சொன்னது, நான் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த எக்கோ முடிந்த மறுநாள், சமையலறை மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. கணவர் வாசலிலேயே நின்றார், ஷூவோடு, பையோடு. நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"நாற்பத்தெட்டு. ஊசி நிறுத்தம். மறுபடி ஒரு மாசம் மாத்திரையைக் கூட்டித் தர்றாங்க. இந்தத் தடவை ஏறலேன்னா அப்புறம் அந்த மருந்தே கிடையாதாம்."

ஒரே மூச்சில் சொன்னார். கேட்டுக்கொண்டபடியே, ஒரு வார்த்தை பாக்கி வைக்காமல். எனக்கு அவர்மேல் கோபப்பட எதுவும் மிச்சமில்லை. என் வலது கால் தரையை அழுத்தியது. எவ்வளவு அழுத்தியும் எதுவும் நிற்கவில்லை.

நாத்தனார் அடுப்பை அணைத்தார். கணவர் இன்னும் வாசலிலேயே நின்றார். பையைக் கீழே வைக்கலாமா என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"வெளிய போங்க" என்றேன். "ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க. இங்க வந்து உக்காருங்க. முதல்லருந்து சொல்லுங்க."

அவர் வெளியே போனார். கதவைச் சாத்தினார். திறந்துகொண்டு வந்தார். ஷூ இல்லாமல் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு எதிரில் உட்கார்ந்தார். கத்தியை என் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்தார்.

"ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சு" என்றார்.

"வந்துச்சா" என்றேன். "சரி. இப்போதைக்கு அது போதும்."